செட்டிநாட்டு வீடுகளில் வாய்விட்டுப் படித்த காலம்: படித்தவர் யார், கேட்டவர் யார்?

முகப்புத்திண்ணை (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இரவில் பிள்ளைகள் உறங்கும் முன் பெற்றோர் ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்று என் மகளின் வகுப்பாசிரியை சென்ற மாதம் எங்களிடம் சொன்னார். நல்ல பழக்கம்தான் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், இந்த வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் முன்பு எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்பி, கானாடுகாத்தானில் வளர்ந்த என் அப்பச்சியிடம் (தந்தையிடம்) கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "எங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, நாங்கள்தான் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டினோம்" என்றார்.

அந்த ஒரு வரி என்னை விட்டு நீங்கவில்லை. கதை சொல்வதும் தாலாட்டுப் பாடுவதும் பெரியவர்களின் வேலை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அச்சிட்ட புத்தகத்தையோ எழுதிய தாளையோ கையில் வைத்து வாய்விட்டுப் படிப்பது எங்கள் வீட்டில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் பொறுப்பாக இருந்திருக்கிறது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தானா? நினைவுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓலைக்கொட்டான்

தம்பி, உங்கள் அப்பச்சி சொன்னது எங்கள் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். எனக்கு வயது எழுபத்தெட்டு. பிறந்தது பள்ளத்தூரில். கண் ஒத்துழைக்கும் வரை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் ஐயாவின் (பாட்டனாரின்) பிள்ளைகள் மூவரும் திருமணமானவுடன் வேறு வைக்கப்பட்டவர்கள். நம் வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டு அனுப்புவதன்று. ஒரே கூரையின் கீழ், வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஆளுக்கு ஒன்றும், சமையலுக்குத் தனித்தனி அடுப்பும் என்று பிரித்து வைப்பது. ஆகவே எங்கள் வீட்டில் அடுப்பு நான்கு, உப்புச் சாடி நான்கு, கணக்கும் நான்கு. ஆனால் வளவு ஒன்றுதான். பகல் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகு, எல்லா அடுப்புக்காரர்களும் வளவின் நிழல் விழும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அப்பத்தா கொட்டான் (ஓலைப்பெட்டி) முடைவார். பெரியாத்தா ஓலையை வகிர்ந்து கொடுப்பார். சாயமேற்றிய ஓலைகள் நடுவில் கிடக்கும். கை வேலையில் இருக்கும்போது காதுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

படிப்பது பெரும்பாலும் "பெரிய எழுத்து" என்று அட்டையிலேயே போட்டிருக்கும் கதைப் புத்தகங்கள். அல்லி, பவளக்கொடி, விக்கிரமாதித்தன் என்று திருவிழாக் கடையில் வாங்கியவை. எழுத்து பெரிதாக இருக்குமே தவிர, சொற்களைப் பிரிக்காமல் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே சொல் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். தவறான இடத்தில் நான் பிரித்தால், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அப்பத்தா திருத்துவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தவர். ஆனால் அந்தப் பாடல்களை அதற்கு முன் அவருடைய நாத்தினாரோ மகளோ படிக்கக் கேட்டுக் கேட்டு, அடி தவறாமல் காதில் வைத்திருந்தார். பேச்சில் "வாளைப்பளம்" என்றே சொல்லும் அவர், நான் புத்தகத்தில் உள்ள ழகரத்தை ளகரமாகப் படித்தால் விடமாட்டார். "எழுத்துக்கு உள்ள ஒலியைக் கொடு ஆத்தா" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் நான் படிக்கக் கற்றேன் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

இனி, சொல்ல நினைத்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். நான் அதிகம் படித்தது கதைப் புத்தகம் அன்று, கடிதம். அப்பச்சி மலாயாவில், ஈப்போவில் இருந்தார். மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடியும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போய்விடுவார். நீல நிற விமானக் கடிதம் வந்தால், தபால்காரர் முகப்பில் குரல் கொடுக்கும்போதே வீட்டில் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிடுவார்கள். கடிதம் அப்பத்தா பெயருக்கு வரும், என் தாயார் பெயருக்கு வராது. எனவே அப்பத்தாவின் முன்னால், எல்லாரும் கேட்க, நான் உரக்கப் படிக்க வேண்டும். என் தாயார் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். கணவன் எழுதியதை மகளின் குரலில், மாமியாருக்கு வந்த கடிதமாகக் கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் மிகவும் பிற்பட்டே எண்ணிப் பார்த்தேன்.

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. அந்த ஆண்டு வந்த ஒரு கடிதத்தில், எதிர்பார்த்தபடி தைக்கு வர இயலாது, இன்னும் ஒரு கணக்கு இருக்க நேரும் என்று அப்பச்சி எழுதியிருந்தார். அந்த வரி என் கண்ணில் பட்டவுடன், தூணோரம் நின்ற ஆத்தாளின் முகம் நினைவுக்கு வந்து, அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நெல் விலையும் பிள்ளைகளின் படிப்பும் பற்றிய வரிகளை ஒரு குறையும் இல்லாமல் படித்தேன். அப்பத்தா முடைவதை நிறுத்திவிட்டு, "விட்டதைப் படி ஆத்தா" என்றார். நான் மூச்சு எடுத்த இடம் தவறு என்று அவர் காது சொல்லிவிட்டது. நான் படித்தேன். ஆத்தா உள்வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் நான் ஒரு வரியும் விட்டதில்லை.

தேவகோட்டைப் பேரன்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது என் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து வாய்விட்டே படித்தேன்.

இருந்தாலும் பெரியவர்கள் படிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் புரட்டாசியில் இராமாயணம் படிப்பார்கள். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பெருமாள் படம் வைத்து, விளக்கேற்றி, ஐயா ஏட்டைப் பிரித்து உட்காருவார். அவர் பாடலைப் படிக்க, உறவில் பெரியவர் ஒருவர் பொருள் சொல்வார். பிள்ளைகளாகிய நாங்கள் சுண்டலுக்காகக் காத்திருந்தோம் என்பது உண்மைதான்; ஆனால் காத்திருந்த நேரத்தில் காதில் விழுந்தது வீணாகவில்லை. பட்டாபிடேகத்தன்று படிக்கும் பாடல்கள் இன்றும் எனக்கு ஐயாவின் குரலில்தான் நினைவிருக்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் விராட பருவம் வாசிக்கச் சொல்வதும் உண்டு. அதை வாசித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் உள்ளதுதான் என்றாலும், கண்மாயை நம்பியிருக்கும் நம் வறண்ட சீமையில் அந்த வாசிப்பைக் கேட்பவர்களின் முகத்தில் இருந்த கவலை வேறு.

சா. கணேசன் அவர்கள் 1939ஆம் ஆண்டில் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, கூட்டம் திரண்டதைப் பலர் வியந்து பேசுவார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வீட்டில் புரட்டாசிதோறும் கம்பனைக் கேட்டு வளர்ந்த காதுகள் முன்பே ஆயத்தமாக இருந்தன. மேடையில் அறிஞர் பாடலைத் தொடங்கினால் ஐயா அடுத்த அடியைத் தமக்குள் சொல்லிக்கொள்வாராம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயா படித்தது பிள்ளைகளுக்காக அன்று. அது இறைவனுக்கு, நாங்கள் உடன் இருந்தோம். "படித்துக் காட்டுதல்" என்பதும் "பாராயணம்" என்பதும் ஒன்றல்ல என்று தொடக்கத்தில் எழுதிய அண்ணன் கருதினால் அதை மறுக்க மாட்டேன்.

கண்மாய்க்கரை

செட்டிநாடு என்றால் பெரிய வீடுகள் மட்டும்தான் என்பதுபோல் இந்த இழை போய்க்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். யாரையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை.

என் தாயார் காரைக்குடிக்கு அருகில் ஒரு பெரிய வீட்டில் நெல் புடைத்து, பாத்திரம் துலக்கி எங்களை வளர்த்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். அந்த வீட்டுப் பெண்பிள்ளை வளவில் உட்கார்ந்து கதை படிக்கும்போது, இவர் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டில் வேலை செய்துகொண்டே கேட்டிருக்கிறார். வளவுக்கு வந்து உட்கார்ந்து கேட்கும் உரிமை அவருக்குக் கிடையாது. யாரும் வாய் திறந்து விலக்கியதும் இல்லை, அழைத்ததும் இல்லை. அம்மியில் அரைத்தால் கதை காதில் விழாது என்பதற்காக, கதை நேரத்தில் ஓசையில்லாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வாராம்: புளி கொட்டை எடுப்பது, அரிசியில் கல் பொறுக்குவது.

இரவில் எங்கள் குடிசைக்கு வந்து, அன்று கேட்டதை அப்படியே எங்களுக்குச் சொல்வார். புத்தகத்தில் இருந்த பாட்டு வரிகள்கூட வரும். நடுவில் எங்காவது, "இந்த இடத்தில் பாப்பா குரலைத் தாழ்த்திப் படித்தது" என்று சொல்லித் தாமும் தாழ்த்துவார். ஆகவே படித்தவர் யார், கேட்டவர் யார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டு விடை வேறு. படித்தது யாரோ ஒரு குழந்தை. கேட்டது கதவுக்குப் பின்னால் நின்ற என் தாய். அவர் வழியாகக் கேட்டவர்கள் நாங்கள் நால்வர். அந்தக் குழந்தைக்கு இது தெரியவே தெரியாது.

நான் ஆசிரியப் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். வகுப்பில் பாடத்தைப் படிக்கும்போது ஏன் குரலை ஏற்றி இறக்குகிறேன் என்று ஒரு மாணவன் கேட்டான். பார்த்திராத ஒரு பெண்பிள்ளையிடமிருந்து கற்றது என்று அவனிடம் சொல்லத் தெரியவில்லை.

ஓலைக்கொட்டான்

கண்மாய்க்கரை அவர்களுக்கு, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் எதையும் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இரண்டாம் கட்டில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். நான் படிக்கும்போது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எத்தனை முயன்றும் நினைவுக்கு வரவில்லை. கொட்டான் ஓலையின் நிறம் நினைவிருக்கிறது, அவர்களின் முகம் நினைவில்லை. இதில் எனக்கு வெட்கம் உண்டு. தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்ல இயலும் என்றால் சொல்லுங்கள். இல்லை என்றால் தாங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எண்சுவடி

கடிதமும் கதையும் பேசப்பட்டுவிட்டன. கணக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

என் ஐயா 1930களில் திண்ணைப் பள்ளியில் படித்தவர். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று அன்றைய பாடத்தை உரத்த குரலில் ஒப்புவிப்பார்கள். அதற்கு "முறை சொல்லுதல்" என்று பெயர். சட்டாம்பிள்ளை (மாணவர் தலைவன்) முன்னால் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் விளக்கடியில் மீண்டும் ஒருமுறை, இப்போது கேட்பவர் வீட்டுப் பெரியவர். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் ஒருபுறம் இருக்க, வாய்ப்பாட்டு நூலாகிய எண்சுவடிதான் அதிக நேரம் எடுக்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, வீசம் 16இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி வரும் விடைகளையெல்லாம் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். ராகம் தடுக்கினால் விடை தவறு என்று அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு காரணம் இருந்ததாக நான் கருதுகிறேன். நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்) வீட்டுப் பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரங்கூனுக்கோ பினாங்குக்கோ பெட்டியடிப் பையனாக (கடையின் இளநிலை உதவியாளாக) போவான். அங்கே மேலாள், அடுத்தாள், அவர்களுக்குக் கீழே இவன். பேரேட்டை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் ஒத்துப் பார்ப்பது கடையில் நாள்தோறும் நடக்கும் வேலை. தெளிவாக, தொகை பிசகாமல், தயங்காமல் படிக்கும் பையனுக்குத்தான் அங்கே மதிப்பு. ஆகவே வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பெரியவர்கள் கேட்டதில் அன்பும் இருந்தது, தொழிலுக்கு ஆள் சேர்க்கும் கணக்கும் இருந்தது. இதைச் சொல்வதால் அதன் அழகு குறைந்துவிடும் என்று நான் எண்ணவில்லை.

முகப்புத்திண்ணை

எண்சுவடி அண்ணன் சொன்னதில் ஒரு கேள்வி. தொழிலுக்காக என்றால் பையன்கள் அல்லவா படித்திருக்க வேண்டும்? ஆச்சி அவர்களின் வீட்டிலும், கண்மாய்க்கரை ஐயாவின் தாயார் கேட்ட வீட்டிலும் படித்தது பெண்பிள்ளைகளாக இருக்கிறார்களே.

ஓலைக்கொட்டான்

பையன்கள் போய்விடுவார்கள், தம்பி. போனவர்களிடமிருந்து கடிதம் வரும். அதைப் படிக்க வீட்டில் மிஞ்சியிருப்பது பெண்பிள்ளைதான். என் தமையன் என்னைவிட நன்றாகப் படிப்பான். அவன் கடல் கடந்தபோது எனக்கு எட்டு வயது. மறுநாள் பகலிலிருந்து புத்தகம் என் கைக்கு வந்தது.

இராயவரத்து வாசகி

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைவுகூராமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922ஆம் ஆண்டில் இராயவரத்தில் பிறந்தவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர். அவருடைய பாடல்களில் சிறிய சொற்களும் சிறிய அடிகளும் இருப்பதையும், ஐந்து வயதுக் குழந்தை மூச்சு வாங்காமல் ஓர் அடியைச் சொல்லி முடித்துவிடலாம் என்பதையும் நாம் எளிதாகக் கடந்து போகிறோம். பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் படித்த வீடுகளின் நடுவில் பிறந்த ஒருவர், பிள்ளைகள் தங்களுக்காகப் படித்துக்கொள்ளும் பாட்டை எழுதினார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

அதே காலத்தில்தான் சிறுவர் இதழ்களும் பெருகின. அம்புலிமாமா 1947இல் தமிழில் வரத் தொடங்கியது. புதுக்கோட்டையிலிருந்தும் சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. என் தாயார் சொல்வது: இதழ் வந்த புதிதில் எல்லாரும் கேட்க ஒருவர் படித்தார்கள். பிறகு யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்தது. சண்டைக்குப் பயந்து ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்த் தனியாக, வாய் திறக்காமல் படித்தார். அன்றைக்கு வளவில் குரல் நின்றது என்று தாயார் சொல்வார். வானொலியும் மின்விளக்கும் வந்ததால் நின்றது என்று பலர் எழுதுகிறார்கள். என் தாயார் சொல்லும் காரணம் எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது: எல்லாருக்கும் எழுத்துத் தெரிந்துவிட்டது. இன்னொருவர் குரல் தேவைப்படவில்லை.

தேவகோட்டைப் பேரன்

இராயவரத்து அம்மா சொல்லும் காரணத்தோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். கேட்பவர்கள் வீட்டில் இல்லாமல் போனார்கள். சென்னைக்கும் கோவைக்கும் குடும்பங்கள் பெயர்ந்தபின், வளவில் கொட்டான் முடைய யார் இருந்தார்கள்? இன்று எங்கள் தெருவில் பதினேழு வீடுகளில் பன்னிரண்டு பூட்டியிருக்கின்றன.

பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பார்க்க விரும்பும் இளையவர்களுக்கு ஒரு தகவல். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய சிறு வெளியீடுகளையும் விடாமல் சேர்த்தவர். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே போய் ஒன்றைக் கையில் எடுத்தால், வாய்விட்டுப் படிக்காமல் அதைப் படிக்க முடியாது என்று ஆச்சி எழுதியது எவ்வளவு உண்மை என்று விளங்கும். நூலகத்தில் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன்.

கண்மாய்க்கரை

ஆச்சி அவர்களுக்கு, என் தாயார் இருக்கிறார். வயது எண்பத்தாறு. தங்கள் பதிவுகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அந்தப் பாப்பாவும் இப்படித்தான் ஒரு நாள் கடிதத்தில் ஒரு வரியை விட்டது, எனக்கும் தெரிந்தது" என்றார். எந்த வீடு, எந்த ஊர் என்று தெளிவாகச் சொல்ல இயலவில்லை. தாங்களாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஓலைக்கொட்டான்

தங்கள் தாயார் வேலை செய்தது காரைக்குடிப் பக்கம். எங்கள் ஊர் பள்ளத்தூர். ஆகவே அது நானாக இருக்க முடியாது என்றுதான் எண்ணுகிறேன். வரியை விட்ட பெண்பிள்ளைகள் வீட்டுக்கு ஒருத்தி இருந்திருப்பாள்.

இந்தப் புரட்டாசியில் எங்கள் வீட்டை ஒன்பது நாள் திறந்து வைக்கிறோம். பங்காளிகள் எல்லாரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேத்தி சிங்கப்பூரிலிருந்து வருகிறாள், வயது பதினொன்று, பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கிறாள். இராமாயண ஏட்டை அவளைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஏட்டின் பக்க எண்கள் பழைய தமிழ் எண்களில் இருப்பதால் அவள் தடுமாறக்கூடும் என்று ௧ முதல் ௰ வரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, பெட்டகத்தில் ஏட்டோடு வைத்துவிட்டேன். அப்பச்சியின் கடிதங்களும் அதே பெட்டகத்தில்தான் இருக்கின்றன. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றில் ஒன்றிரண்டைப் படிக்கச் சொல்ல எண்ணம். கண்மாய்க்கரை அவர்களே, தங்கள் தாயாரை அழைத்து வாருங்கள். நாற்காலி வளவில் போட்டு வைக்கிறேன்.